வேட்டை நாய்: ஆணா, பெட்டையா? அர்ரியன் போட்ட கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு வேட்டை நாயைப் பற்றி என்ன கட்டுரை வேண்டிக்கிடக்கிறது என்று வகுப்பிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் வருஷா வருஷம் கேட்கிற ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? இயந்திரம் 'ஏ' வேகமாக ஓடும், ஐந்து வருடத்தில் தேய்ந்துவிடும். இயந்திரம் 'பி' கொஞ்சம் மெதுவாக ஓடும், பத்து வருடம் தாங்கும். எதை வாங்கலாம்? இந்தக் கணக்கை ஏறக்குறைய 1900 வருடங்களுக்கு முன்பே ஒருவர் நாய்களை வைத்துப் போட்டிருக்கிறார். அவர் பெயர் அர்ரியன். (ஆரியன் அல்ல! உச்சரிப்பைப் பார்த்து யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

இன்றைய துருக்கியில் இஸ்மித் என்று அழைக்கப்படும் ஊர் அப்போது நிகோமீடியா. அங்கே பிறந்த கிரேக்கர் அவர். தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸிடம் படித்தார். ஆசிரியர் தன் கைப்பட எதையும் எழுதவில்லை. அவர் பேசியதை எழுதி வைத்துக் காப்பாற்றியது இந்த மாணவர்தான். பிறகு ரோமானியப் பேரரசில் பெரிய பதவிகளுக்குப் போனார். ஹட்ரியன் பேரரசராக இருந்தபோது கப்பதோக்கியா மாகாணத்தின் ஆளுநராக இருந்து, கி.பி. 135 வாக்கில் அலானியர் படையெடுப்பைச் சமாளித்தார். அலெக்சாந்தரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு இவர் எழுதிய வரலாற்றிலிருந்து வந்ததுதான். இவ்வளவு பெரிய மனிதர் நடுவில் நாய் வேட்டையைப் பற்றியும் ஒரு சின்ன நூல் எழுதினார். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அவருக்கு முன்னால், கி.மு. நான்காம் நூற்றாண்டில், ஏதென்ஸைச் சேர்ந்த செனொபோன் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். (எழுதியது அவர்தானா என்று சந்தேகப்படும் அறிஞர்களும் உண்டு. அர்ரியனுக்கு அந்தச் சந்தேகம் இல்லை, அதனால் நாமும் விட்டுவிடுவோம்.) அர்ரியனுக்குச் செனொபோன் என்றால் உயிர். தன்னையே இன்னொரு செனொபோன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பைத்தியம். குருநாதருக்கு ஒரு முக்கியமான நாய் ஜாதி தெரியாமல் போய்விட்டது, அதனால் விட்டுப்போன பகுதியை நான் எழுதுகிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார்.

முதலில் குருநாதர் என்ன சொன்னார் என்று பார்ப்போம். செனொபோன் காலத்து முயல் வேட்டை வலை வேட்டை. முயல் ஓடும் வழிகளில் வலை கட்டி, ஒரு காவலாளியை நிறுத்திவிட்டு, மோப்பம் பிடிக்கும் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். நாய் முயலை ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. தடம் கண்டுபிடித்து, கிளப்பி, வலைக்கு விரட்டினால் போதும். நாய்கள் ஸ்பார்ட்டாப் பக்கத்து லக்கோனிய ஜாதி. இங்கே எனக்குப் பிடித்த ஒரு மொழி விஷயம். நம் தமிழில் நாய் அஃறிணை. 'நாய் வந்தது' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. கிரேக்கத்தில் அப்படியில்லை. செனொபோன் வேட்டை நாய்களைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது பெரும்பாலும் பெண்பாலில்தான் எழுதுகிறார். 'நாய்கள் வந்தனர், அவள்கள் மோப்பம் பிடித்தாள்கள்' என்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டை நாய் என்றதும் அவர்கள் மனதில் முதலில் வந்து நின்றது பெட்டைதான் என்று தோன்றுகிறது. 'பெட்டை' என்பதைத் திட்டுவதற்கு எடுத்துக்கொண்ட நமக்கு இது கொஞ்சம் புதுசு.

குட்டிகளை எப்போது வேட்டைக்குக் கூட்டிப்போகலாம் என்று செனொபோன் கணக்குச் சொல்கிறார். பெட்டையை 8 மாதத்தில், ஆணை 10 மாதத்தில். வித்தியாசம் இரண்டே மாதம். இனப்பெருக்கத்துக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் பெட்டைக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடு, வசந்தத்தில் குட்டி போடட்டும் என்கிறார். குட்டிகளை வேறு நாயிடம் பால் குடிக்க விடாதே, தாயின் பாலும் மூச்சும் அணைப்பும்தான் அவற்றை வளர்க்கும் என்று அவர் எழுதும் இடம் படிக்க அருமையாக இருக்கும். சிப்பாயாகப் பாரசீகம் வரை போய்வந்த மனிதர் எழுதியது என்று நம்ப முடியாது.

அதே நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலும் இந்த நாய்களைக் கவனித்தார். லக்கோனிய நாய்களில் ஆணைவிடப் பெட்டைக்குப் புத்தி அதிகம் என்பது அவர் கட்சி. ஆயுளும் சொல்கிறார்: ஆண் சுமார் 10 வருடம், பெட்டை சுமார் 12 வருடம். ஏன் இந்த வித்தியாசம்? ஆண் அதிகமாக உழைக்கிறது, அதனால் சீக்கிரம் சாகிறது என்பது அவர் விளக்கம். கர்ப்பகாலம் வருடத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 நாள் என்றும் எழுதியிருக்கிறார். இன்றைய கால்நடை மருத்துவர்கள் சொல்வது சராசரியாக 63 நாள். ஸ்கேன் இல்லாத காலத்துக்கு இது மோசமில்லை.

சரி, அர்ரியனுக்கு வருவோம். செனொபோனுக்குத் தெரியாமல் போன அந்த ஜாதி கெல்ட்டியர்களுடைய நாய். அவர்கள் மொழியில் அதற்கு வெர்ட்ரகஸ் என்று பெயர். வேகத்தை வைத்து வந்த பெயர் என்கிறார். இன்றைய கிரேஹவுண்டுக்கு முன்னோர் என்று பலரும் கருதுவது இதைத்தான். இதற்கு வலை வேண்டாம். கண்ணால் முயலைப் பார்த்ததும் பாய்ந்து ஓடும். மோப்ப வேட்டை நாள் முழுக்க நடக்கும் துப்பறியும் வேலை என்றால், இது ஓட்டப்பந்தயம். பந்தயம் என்றேனே, அது உவமை மட்டுமல்ல. ஒரு முயலின் மேல் இரண்டு நாய்க்கு மேல் விடக்கூடாது, முயலுக்கு முதலில் கொஞ்ச தூரம் ஓட இடம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அர்ரியன் விதி வைத்திருக்கிறார். நல்ல ஓட்டம் காட்டிவிட்டு முயல் தப்பித்துக்கொண்டால் உண்மையான வேட்டைக்காரன் அதற்கும் சந்தோஷப்படுவான் என்கிறார்.

ஓட்டம்தான் எல்லாம் என்று ஆனபிறகு ஆணா பெட்டையா என்ற கேள்வி புது வேகத்தோடு வருகிறது. அர்ரியன் தீர்ப்பு இதுதான். பெட்டை ஆணைவிட வேகம். ஆனால் நீண்ட நேரம் உழைப்பதில் ஆண்தான் மேல். நல்ல பெட்டை கிடைப்பது சுலபம். எல்லா வகையிலும் நல்லதாக ஒரு ஆண் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். பெட்டை தன் வேகத்தை ஐந்தாம் வயது வரை காப்பாற்றினால் நல்லது. ஆண் பத்து வரைகூடக் காப்பாற்றும். அதனால் நல்ல ஆண் நாய்க்குத்தான் மதிப்பு அதிகம். வேலைக்கு இறக்கும் வயதும் மாறுகிறது. பெட்டையை 11 மாதத்தில் ஓட விடலாம். ஆணுக்கு இரண்டு வயது முடிய வேண்டும், ஏனென்றால் அதன் உறுப்புகள் தாமதமாகத்தான் உறுதியாகும். செனொபோனிடம் 2 மாதமாக இருந்த இடைவெளி இங்கே 13 மாதம்! மோப்பம் பிடித்து நடக்கிற நாய்க்கும் முழு வேகத்தில் பாய்ந்து திரும்புகிற நாய்க்கும் எலும்பின் மேல் விழும் பாரம் ஒன்றல்ல என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இப்போது நம்ம வேலையை ஆரம்பிக்கலாம். கால்குலேட்டரை எடுங்கள்.

பெட்டை: 11 மாதத்திலிருந்து 60 மாதம் வரை வேலை. 49 வேலை மாதங்கள். ஆண்: 24 மாதத்திலிருந்து 120 மாதம் வரை. 96 வேலை மாதங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆண் இரண்டு மடங்கு லாபம். ஆனால் தீனிச் செலவோடு சேர்த்துப் பாருங்கள். பெட்டைக்கு 60 மாதம் தீனி போட்டால் 49 மாத வேலை, சுமார் 82 சதவீதம். ஆணுக்கு 120 மாதம் தீனி போட்டால் 96 மாத வேலை, 80 சதவீதம். கிட்டத்தட்ட சமம்! பெட்டை சீக்கிரம் ஆரம்பித்து சீக்கிரம் முடிக்கிறது, ஆண் தாமதமாக ஆரம்பித்து தாமதமாக முடிக்கிறது, அவ்வளவுதான். அர்ரியன் ஆணை மேலே வைத்ததற்குத் தீனி காரணமாக இருக்க முடியாது. அபூர்வம்தான் காரணம். மைக்ரோ எகனாமிக்ஸ் முதல் செமஸ்டர்: குறைவாகக் கிடைப்பதற்கு விலை அதிகம்.

இதில் குட்டி போடும் காலத்தைக் கழிக்கவில்லை. இரண்டு மாதம் கர்ப்பம், இரண்டு மாதம் பால் கொடுப்பது என்று வைத்தால் ஒரு ஈற்றுக்கு 4 மாதம் போகும். மூன்று ஈற்று என்றால் ஒரு வருடம் காலி. 49 மாதம் 37 ஆகிவிடும். போதாததற்குப் பருவத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் அதைக் கூட்டத்தோடு வெளியே எடுக்க முடியாது. எடுத்தால் ஆண் நாய் எதுவும் முயலைப் பார்க்காது. ஆனால் வரவுப் பக்கத்தில் குட்டிகளை எழுதியாக வேண்டும். அதை எழுதாமல் பெட்டையின் வேலை நாட்களை மட்டும் எண்ணினால் அது பாதி லெட்ஜர்தான். குளிர்காலத்தில் ஓய்வு, வசந்தத்தில் குட்டி என்ற செனொபோன் திட்டமும் இழப்பைக் குறைக்கும் ஏற்பாடுதான் என்று இப்போது புரிகிறது.

உண்மையில் கணக்கு உதைக்கிற இடம் வேறு. அரிஸ்டாட்டில் கொடுத்த ஆயுளை இதில் சேர்த்துப் பாருங்கள். (இருவருக்கும் நடுவில் 450 வருடத்துக்கு மேல் இடைவெளி, ஜாதியும் வேறு. தோராயத்துக்குத்தான்.) ஆண் 10 வயதில் வேலையையும் உயிரையும் ஏறக்குறைய ஒன்றாக முடித்துக்கொள்கிறது. பெட்டை ஐந்தில் வேகம் இழந்து பன்னிரண்டு வரை வாழ்கிறது. 144 மாத ஆயுளில் 49 மாதம்தான் வேலை. 34 சதவீதம். மிச்சம் ஏழு வருடம் அது என்ன செய்யும்? பெட்டையைத் தேர்ந்தெடுக்கிறவன் ஒரு வேகமான நாயை மட்டும் வாங்கவில்லை, ஓடாத ஒரு நாயை ஏழு வருடம் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்குகிறான். நம் பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஒரு வரி போட்டு இயந்திரத்தைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். நாய்க்கு அந்த வரியில் என்ன எழுதுவது?

அர்ரியன் இதற்கு என்ன செய்தார் என்று பார்க்கும் முன், அவர் மூளை வேலை செய்யும் விதத்துக்கு இன்னொரு உதாரணம். இது நம் ஊர் சம்பந்தப்பட்டது. இவரே 'இண்டிகா' என்று இந்தியாவைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். மெகஸ்தனிஸ் எழுதியதை வைத்து அதில் ஹெராக்ளீஸின் மகள் பாண்டேயாவைப் பற்றிச் சொல்கிறார். அவளுக்குத் தந்தை ஒரு நாட்டையும் 500 யானைகளையும் 4,000 குதிரைப்படையையும் 1,30,000 காலாட்படையையும் கொடுத்தாராம். பாண்டிய நாட்டின் எதிரொலி இது என்பது பரவலான கருத்து. அந்த நாட்டில் பெண்கள் ஏழு வயதில் மணப்பருவம் அடைவார்கள், ஆண்கள் நாற்பது வயதுக்கு மேல் வாழ மாட்டார்கள் என்ற கட்டுக்கதையும் கூடவே வருகிறது. வேறு யாராக இருந்தாலும் 'அதிசயம்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அர்ரியன் உட்கார்ந்து விகிதம் போடுகிறார்! நாற்பதில் சாவு என்றால் முப்பதில் முதுமை, இருபதில் இளமை முடிவு, பதினைந்தில் உச்சம், அப்படியென்றால் பெண்ணுக்கு ஏழு என்பது விகிதத்துக்குப் பொருந்தித்தான் வருகிறது என்கிறார். கதை பொய்யாக இருக்கலாம், ஆனால் கணக்கு இடிக்கக்கூடாது. நாய்க்கும் சரி, பாண்டேயாவின் குடிமக்களுக்கும் சரி, ஆண் பெண் ஆயுளைப் பிரித்து எழுதுவதில் அவருக்கு ஒரு தனி ஆர்வம் இருந்திருக்கிறது.

கெல்ட்டியர்கள் வைத்திருந்த ஒரு உண்டியலையும் அவர் பதிவு செய்திருக்கிறார். காமர்ஸ் மாணவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்டியல் அது. ஒவ்வொரு முயல் பிடிக்கும்போதும் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸுக்கு 2 ஓபல் போட வேண்டும். நரிக்கு ஒரு திராக்மா, அதாவது 6 ஓபல். மானுக்கு 4 திராக்மா. வருடம் முழுவதும் சேர்ந்த பணத்தைத் தேவியின் பிறந்தநாளில் எடுத்து, சேர்ந்த தொகைக்கு ஏற்ப ஆடோ மாடோ வாங்கிப் பலியிட்டு விருந்து வைப்பார்கள். அன்றைக்கு நாய்களுக்கு மாலை போடுவார்கள், விருந்து அவற்றுக்காகத்தான் என்று தெரியட்டும் என்று! ஆண் பெட்டை வித்தியாசம் உண்டியலில் இல்லை. எது பிடித்தாலும் முயலுக்கு 2 ஓபல்தான்.

இந்தச் சண்டை அர்ரியனோடு முடியவில்லை. முயலைத் துரத்தும் பந்தயத்துக்கு இங்கிலாந்தில் 1776-ல் ஸ்வாஃபம் என்ற ஊரில் ஒரு சங்கம் தொடங்கினார் ஆர்ஃபர்ட் பிரபு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒருவராக உறுப்பினர்கள். அவரவர் நாயின் பெயர் அவரவர் எழுத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவருடைய புகழ்பெற்ற நாய் ஸாரினா ஒரு பெட்டை. 47 பந்தயம் ஓடித் தோற்றதே இல்லை என்று சொல்வார்கள். ஓடிய காலத்தில் அது குட்டியே போடவில்லை என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதி. என் கணக்கில் கழித்த அந்த 12 மாதத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு படித்தால் சுவாரசியம் கூடும். 1791-ல் உடல்நலம் கெட்டிருந்த பிரபு, ஸாரினா ஓடுவதைப் பார்க்கக் குதிரையில் தப்பி வந்து, அது ஜெயித்ததும் விழுந்து இறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நரி வேட்டைக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். வசதியுள்ள இடங்களில் ஆண் கூட்டம் தனி, பெட்டைக் கூட்டம் தனி என்று வைத்து வெவ்வேறு நாட்களில் வெளியே எடுத்தார்கள். 2004-ல் கொண்டுவந்த சட்டம் 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய் வைத்து நரியையும் முயலையும் வேட்டையாடுவது குற்றமாகிவிட்டது.

இனி அந்த ஏழு வருடம்.

நல்ல ஆணுக்குத்தான் மதிப்பு என்று எழுதிய அதே நூலின் முன்பகுதியில் அர்ரியன் தன் நாய் ஒன்றை வர்ணிக்கிறார். கிரேக்கச் சொற்கள் எல்லாம் பெண்பாலில். ஒளிரும் சாம்பல் நிறக் கண்கள். வேகமாக இருந்தாள், உழைப்பாளி, துணிச்சல்காரி, நல்ல பாதம். தன் நல்ல வயதில் ஒருமுறை நான்கு முயலுக்கு ஈடுகொடுத்திருக்கிறாள். கவனியுங்கள், எல்லாம் இறந்தகாலம். நல்ல வயது முடிந்துவிட்டது. ஆனால் இதை எழுதும்போதும் அவள் என்னோடுதான் இருக்கிறாள் என்கிறார். அதாவது நம் கணக்கில் 'கழித்துக் கட்ட வேண்டிய' பக்கத்துக்கு வந்துவிட்ட நாய்.

அதன்பிறகு அவர் எழுதுவதில் வேட்டையே இல்லை. வீட்டில் இருந்தால் கூடவே இருப்பாள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது முன்னால் ஓடுவாள், ஆனால் அவர் வழி மாறிப் போய்விடவில்லையே என்று அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள். அவருக்கோ அவர் நண்பருக்கோ உடம்பு சரியில்லை என்றால் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டாள். பசித்தால் பாதத்தால் தொட்டுச் சொல்வாள். குட்டியாக இருந்தபோது சவுக்கடி பட்டிருக்கிறாள். அதனால் இன்றும் யாராவது சவுக்கு என்ற சொல்லைச் சொன்னால் போதும், சொன்னவரிடம் போய்க் குனிந்து, முத்தம் கொடுப்பதுபோல் வாயை வைத்து, கழுத்தில் தொங்கிக்கொண்டு, அவர் கோபம் தணியும் வரை விடமாட்டாள். விதவிதமான குரலில் பேசும் இப்படியொரு நாயை நான் பார்த்ததில்லை என்கிறார். ஒரு மாகாணத்தை ஆண்ட மனிதர், போர்க்கள வியூகம் பற்றி நூல் எழுதியவர்.

இவள் பெயரை எழுதி வைக்க எனக்குத் தயக்கம் இல்லை, பிற்காலத்தில் தெரியட்டும் என்று சொல்லிவிட்டுப் பெயரைத் தருகிறார். ஹோர்மே. உந்துதல், பாய்ச்சல் என்று பொருள். செனொபோன் தன் நூலில் நாய்களுக்கு வைக்க ஏற்ற சின்னச் சின்னப் பெயர்களாக 47 பெயர் கொடுத்திருந்தார், கூப்பிட வசதியாக. அதில் கடைசிப் பெயர் ஹோர்மே.

அர்ரியனின் அந்தச் சின்ன நூல் 1644-ல் பாரிஸில் அச்சாகி வெளிவந்தது. 1831-ல் வில்லியம் டான்ஸி என்ற மருத்துவப் பட்டதாரி தன் பெயரைப் போடாமல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஹோர்மேயின் பெயர் இரண்டிலும் இருக்கிறது.